மூன்று முறை ஒரே நிலை: இந்த டிரா கோரிக்கை செல்லுமா?

சதுரங்க விதி தெரிந்தவர்கள், குறிப்பாக ஆர்பிட்டர்கள் (போட்டி நடுவர்கள்), இதைப் பார்த்துச் சொல்லுங்கள். 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல். இருவரும் அமெச்சூர் ஆட்டக்காரர்கள்.

கறுப்பு 14-வது நகர்த்தலில் ராணியை டி8-க்கு வைத்தார். அப்போது வெள்ளையின் ராஜாவும் எச்1 யானையும் அசையவே இல்லை. பிறகு வெள்ளை யானை ஜி1, கறுப்பு ராணி ஈ7. யானை எச்1, ராணி டி8. இதே மறுபடியும் ஒரு சுற்று. 18-வது நகர்த்தலாக ராணி டி8 என்று ஸ்கோர் ஷீட்டில் எழுதி, காயைத் தொடாமல், கடிகாரத்தை நிறுத்தி, ஒரே நிலை மூன்று முறை வருகிறது என்று கறுப்பு டிரா கேட்டார்.

பலகையைப் பார்த்தால் மூன்று முறைதான். ஆனால் முதல் முறை வெள்ளைக்கு ராஜா பக்கம் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) உரிமை இருந்தது. யானை நகர்ந்ததும் அது போய்விட்டது, அதனால் முதல் முறை வந்தது வேறு நிலை. எனவே என் கணக்கில் இரண்டு முறைதான். உண்மையான மூன்றாவது, 19-ல் யானை மறுபடி ஜி1-க்குப் போனால்தான் வரும் (15, 17, 19). சரியா?

ஆர்பிட்டரும் கோரிக்கையை நிராகரித்து வெள்ளைக்கு 2 நிமிடம் சேர்த்தார். சிக்கல் அதற்குப் பிறகு: கறுப்பு எழுதிய ராணி நகர்த்தலை விட்டுவிட்டு எஃப் சிப்பாயைத் தள்ளினார், யாரும் தடுக்கவில்லை. கோரிக்கை தவறானால் எழுதிய நகர்த்தலையே ஆட வேண்டும் என்பதுதானே ஃபிடே (உலக சதுரங்கக் கூட்டமைப்பு) விதி? கறுப்பு ஜெயித்தும்விட்டார். ஸ்கோர் ஷீட்டில் இருவரும் கையெழுத்துப் போட்ட பின் இதை மேல்முறையீட்டுக் குழு ஏற்குமா? இப்படி ஒன்றைத் தீர்த்த அனுபவம் உள்ளவர்கள், எந்த விதி எண்ணை வைத்து முடிவெடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள்.