சீமைக்கருவேல் இவ்வளவு இருந்தும் விறகு மின்நிலையம் ஏன் நிற்கிறது?

கண்மாய்க்கரை:
ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் எங்கு திரும்பினாலும் சீமைக்கருவேல்தான். அப்படியிருந்தும் 10 மெகாவாட் ஆலைக்கு எரிபொருள் போதவில்லை என்கிறார்களே, எங்கே இடிக்கிறது?

கொதிகலன்:
மரம் இருக்கிறது, காய்ந்த விறகு இல்லை. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 1.3 கிலோ வேண்டும். 10 மெகாவாட் முழுதாக ஓடினால் நாளைக்கு 300 டன்னுக்கு மேல், அதாவது 10 டன் லாரியில் 30 லோடு. பட்டா நிலம், கண்மாய் ஏலம் என்று துண்டு துண்டாகத்தான் வெட்டு நடக்கும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வண்டியே உள்ளே இறங்காது.

பிறகு ஈரம். பச்சை விறகில் 45% தண்ணீர் என்றால், டன்னுக்கு 550 கிலோதான் கட்டை. 20% ஈரத்துக்குக் காய்ந்தால் 687 கிலோ மிஞ்சும். கிலோ 4 ரூபாய் என்று வாங்கியது உண்மையில் 5.80. யூனிட்டுக்கு விறகுச் செலவே ஏழரை ரூபாய்! 2017-லேயே ராஜஸ்தான் பட்லாவில் சூரிய மின்சாரம் யூனிட் 2.44 ரூபாய்க்கு ஏலம் போய்விட்டது.

கண்மாய்க்கரை:
எடைமேடையில் ஈரம் பார்த்து விலையைக் குறைத்தால்?

சாம்பல்குழி:
குறைக்கலாம். ஆனால் ஈரம் அளக்கும் ஊசி மீட்டரை மேல்பட்டையில் குத்தினால் பொய் சொல்லும். கட்டையைப் பிளந்து நடுவில் குத்த வேண்டும். சந்தேகம் வந்தால் மாதிரியை 105 டிகிரியில் எடை மாறாத வரை காயவைத்து நிறுத்துப் பாருங்கள். ரொம்ப இறுக்கிப் பிடித்தால் லோடு கரிமூட்டத்துக்குப் போய்விடும், அவர்களும் இதே மரத்துக்குத்தான் நிற்கிறார்கள்.

விறகு பற்றாதபோது தென்னை மட்டையைக் கலப்பார்கள். அங்கேதான் வினை. மட்டையில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். சாம்பல் சீக்கிரம் உருகி விறகு எரியும் கிரேட்டில் (அடுப்புத் தட்டு) கிளிங்கர் என்ற கெட்டிக் கட்டியாக இறுகும், நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர் டியூபில் அப்பி அரிக்கும். தூரோடு வரும் மண்ணும் சேர்ந்தால் இன்னும் மோசம். விறகைச் சில்லுகளாக வெட்டும் சிப்பருக்கு முன்னால் சுழல் சல்லடை இல்லாத ஆலை அடிக்கடி நிற்கத்தான் செய்யும். ஈரச் சிப்ஸை மலைபோல் குவித்தாலோ, உள்ளே சூடேறித் தானே தீப்பிடிக்கலாம்.

கொதிகலன்:
இன்னொன்று. இந்த அளவு டர்பைனில் விறகின் வெப்பத்தில் சுமார் 20%தான் மின்சாரமாகும். அதே விறகை அரிசி ஆலையில் நெல் அவிக்க நீராவிக்கு எரித்தால் 65-70% வரை வேலைக்கு ஆகும். அதனால் அரிசி ஆலைக்காரரால் மின்நிலையத்தைவிடக் கூடுதல் விலை கொடுக்க முடியும், கொடுக்கிறார்.