சாயத் தண்ணீர்: நிறம் போகுது, சி.ஓ.டி. இறங்கலையே?

பட்டறை, கொண்டலாம்பட்டி (சேலம்): ரியாக்டிவ் சாயக் (துணி இழையோடு வேதிப்பிணைப்பில் ஒட்டும் சாயம்) கழிவுநீர், சி.ஓ.டி. (தண்ணீரிலுள்ள கழிவை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 800 மி.கி. சுத்திகரிக்க லிட்டருக்குப் போடுவது: வினையூக்கியா இரும்பு ஏற்றிய ஜியோலைட் (நுண்துளைக் கனிமம்) 1 கிராம், 30% ஹைட்ரஜன் பெராக்சைடு 5 மில்லி, பி.எச். (அமிலத்தன்மை அளவு) 3. ஒரு மணி நேரத்தில் தெளிஞ்சிடுது, சி.ஓ.டி. மட்டும் 700-லயே நிக்குது. வினையூக்கி சரியில்லையா?

பதில் 1: அதுக்குள்ள வினையூக்கியைக் குறை சொல்லாதீங்க. முதலில் உடைவது அசோ பிணைப்பு (பல சாயங்களுக்கு நிறம் தரும் நைட்ரஜன் இணைப்பு). நிறம் போனாலும் சாயத்தின் உடைந்த கரிமத் துண்டுகள் மிஞ்சும், அதுதான் சி.ஓ.டி.யா நிக்குது. நேரத்தைக் கூட்டுங்க. 1 கிராம் சி.ஓ.டி.க்குக் கணக்குப்படி 2.125 கிராம் தூய பெராக்சைடு, அதாவது உங்களுக்கு 5.1 மில்லி. அளவு சரிதான், ஆனா மொத்தமா ஊத்தாதீங்க. மிதமிஞ்சினால் அதுவே ஹைட்ராக்சில் ரேடிக்கலைத் (பெராக்சைடிலிருந்து இரும்பு உண்டாக்கும், கழிவை உடைக்கும் துகள்) தின்னுடும். நாலு தவணையா விடுங்க. மிச்சப் பெராக்சைடு டைகுரோமேட்டையும் (சி.ஓ.டி. சோதனையில் சேர்க்கும் வேதிப்பொருள்) செலவழிக்கும், சி.ஓ.டி. பொய்யா ஏறும். சோதனைக்கு முன் மாதிரியை பி.எச். 10-க்கு ஏற்றிச் சூடாக்கி, பெராக்சைடு போயிடுச்சான்னு பெராக்சைடு சோதனைப் பட்டையில் பாருங்க.

பதில் 2: சாயத்தொட்டி உப்பை மறந்துட்டீங்க. குளோரைடும் ரேடிக்கலைப் பிடிச்சுக்கும். முதல் அலசல் தண்ணீரைத் தனியாப் பிரிங்க. அப்புறம் ஜியோலைட்டிலிருந்து இரும்பு கசியுதான்னு பார்க்க: அரை மணியில் 0.45 மைக்ரானில் வடிகட்டி, வடிநீரை மட்டும் தொடர்ந்து கலக்குங்க. நிறம் இன்னும் இறங்கினா, கரைந்த இரும்பும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். பெராக்சைடு இல்லாமலும் ஒரு பீக்கர் ஓட்டுங்க. சாயம் ஜியோலைட்டில் சும்மா ஒட்டியிருக்கலாம்.