புறநகரில் இருக்கிறோம், பெட் பிளே ஆட்களை எங்கே தேடுவது?

வாலாட்டி:
நானும் என் துணையும் முப்பதுகளில் இருக்கிறோம். வீட்டுக்குள் பெட் பிளே, அதாவது வளர்ப்பு விலங்கு போல வேடமிட்டு விளையாடுவது, எங்களுக்கு ரொம்ப நாளாகப் பழக்கம். நான் நாய்க்குட்டி, அவர் ஹேண்ட்லர், அதாவது குட்டியைப் பார்த்துக்கொள்பவர். காலரை மாட்டிவிட்டு நான்கு காலில் இறங்கினால் வேலை, கடன், நாளைக்கு யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிற நினைப்பு எதுவும் இருக்காது, பேச்சும் நின்றுவிடும், பந்து இருக்கிறதா, தலையைத் தடவ ஒரு கை இருக்கிறதா, அது போதும். பல நாள் இதில் காமம் துளியும் கிடையாது. இதை எங்கள் இருவரைத் தவிர வேறு யாரிடமும் பேச முடியவில்லை என்பதுதான் குறை. நகரத்துக்குள் இருப்பவர்களுக்குக் கூட்டங்கள் நடக்கின்றன. நாங்கள் இருப்பது புறநகர், தெருவில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஆன்லைனில் தேடினால் முதல் செய்தியிலேயே முகத்தைக் காட்டு, வீடு எங்கே என்று கேட்பவர்கள்தான் வருகிறார்கள். நம்பத்தகுந்தவர்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இன்னொன்று, நாம் செய்வது சரிதானா என்று துணைக்கு அவ்வப்போது ஒரு தயக்கம் வருகிறது. அதற்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

சாம்பல்பூனை:
பெட் பிளே குழு என்று மட்டும் தேடாதீர்கள், புறநகரில் அது கிடைப்பது அபூர்வம். உங்களால் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் போய்வர முடிகிற தூரத்தில் கிங்க் (வழக்கத்துக்கு மாறான பாலியல் நாட்டம்) உள்ளவர்களுக்கான பொதுவான மன்ச் நடக்கிறதா என்று பாருங்கள். மன்ச் என்றால் ஏதோ ஒரு உணவகத்தில் சாதாரண உடையில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிவிட்டு வருவது, அவ்வளவுதான். காலர் கிடையாது, ஹூட் என்கிற நாய்முக முகமூடி கிடையாது, விளையாட்டும் கிடையாது. 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஒரு பர்கர் கடையில் இப்படிக் கூடத் தொடங்கியதிலிருந்து உலகம் முழுக்க இதுதான் புதியவர்களுக்கான வாசல். அங்கே கயிறு கட்டுபவர், தோலாடை பிரியர் என்று பலரும் வருவார்கள், நடுவில் நாய்க்குட்டி வேடம் போடும் ஒரு பப்போ பூனைக்குட்டி வேடம் போடும் ஒரு கிட்டனோ நிச்சயம் தென்படும், அவரைப் பிடித்தால் மற்றவர்களை அவரே காட்டுவார். 2008-இல் தொடங்கிய ஃபெட்லைஃப் என்ற கிங்க் சமூக வலைத்தளத்தில் பகுதி வாரியாக நிகழ்ச்சிகள் போடுகிறார்கள், அங்கிருந்து தொடங்கலாம். தூரமாகப் போவதில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்து நிற்க மாட்டார்.

போவதற்கு முன் நடத்துபவருக்கு எழுதுங்கள். படம் எடுக்க அனுமதி உண்டா, புதிதாக வருபவரை யார் வரவேற்பார், யாராவது எல்லை மீறினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்பவரை நம்பிப் போகலாம். எரிச்சல்படுபவர், "அதெல்லாம் வந்தால் தெரியும்" என்பவர் நடத்தும் கூட்டத்துக்கு நான் போக மாட்டேன். முகவரி கேட்டு அவசரப்படுத்துகிறவரை முதல் செய்தியிலேயே பிளாக் செய்யுங்கள், விளக்கம்கூடக் கொடுக்க வேண்டாம். தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள், படம் போட்டால் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டு, ஜன்னலும் வீட்டு முகப்பும் தெரியாமல் போடுங்கள்.

இரவுநடை:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இருபது பேர் பேசும் மேசை மூச்சு முட்டும். குரல் அரட்டைக் குழுவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, பிடித்துப்போன ஒரு ஜோடியைப் பொது இடத்தில் சந்திப்பதும் நல்ல வழிதான். புறநகரில் பத்துப் பேர் வேண்டும் என்று காத்திருந்தால் நடக்காது, நம்பிக்கையான இரண்டு பேர் போதும், அதுவே ஒரு கூட்டம்.

துணையின் தயக்கத்துக்கு வருகிறேன். லியம் விக்னல், மார்க் மெக்கார்மக் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பப் பிளே செய்யும் ஆண்கள் 30 பேரிடம் விரிவாகப் பேசி 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் காமமும் இருந்தது, அதோடு மன இறுக்கம் தளர்ந்து இளைப்பாறுவதும் இருந்தது, நீங்கள் எழுதியிருப்பதும் அதையேதான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேடு 2013-இலேயே, வழக்கத்துக்கு மாறான நாட்டம் இருப்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்வதில்லை என்று தெளிவாக்கிவிட்டது, அதனால் அவருக்குத் துன்பமோ பிறருக்குத் தீங்கோ இருந்தால்தான் கோளாறு. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11, ஃபெட்டிஷிசத்தையும் (பொருள், உடை போன்றவற்றின் மேல் காம நாட்டம்) சம்மதத்தோடு செய்யும் சாடோமசோகிசத்தையும் (வலி கொடுப்பதிலும் பெறுவதிலும் இன்பம்) நோய்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. இது வயது வந்தவர்கள் தங்களுக்குள் பேசிச் செய்யும் வேடம், நிஜ விலங்குகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை உங்கள் துணையிடம் நிதானமாக உட்கார்ந்து சொல்லுங்கள். ஆனால் அவருக்கே இதில் விருப்பம் குறைந்துவிட்டதா என்பதையும் கேளுங்கள், தயக்கம் சில சமயம் அப்படியும் வெளிவரும்.

முழங்கால்பட்டை:
ஆள் கிடைத்த பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். இருவர் விளையாடியபோது கண்ணசைவே போதுமாக இருந்திருக்கும், மூன்றாவது ஆள் வந்ததும் எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேச வேண்டும், அதுவும் காலர் மாட்டுவதற்கு முன்பே. யார் உங்களைத் தொடலாம், தலையை மட்டுமா, கட்டளை யார் கொடுக்கலாம், காமம் உண்டா இல்லையா, எல்லாம். அன்றைக்குச் சொன்ன சம்மதம் அன்றைக்கு மட்டும்தான். பப் மனநிலைக்குள் போய்விட்டால் நிறுத்தவோ வேகம் குறைக்கவோ சொல்லும் சிவப்பு, மஞ்சள் என்ற சேஃப்வேர்ட் வாயில் வராது. கையில் ஒரு சின்ன மணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், கீழே விழுந்தால் எல்லாரும் நிறுத்த வேண்டும். அல்லது தரையை மூன்று முறை தட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் உடம்பு. கைப்பந்து ஆடுபவர்கள் போடும் முழங்கால் பட்டை, தரையில் மெத்தை விரிப்பு இரண்டும் இல்லாமல் மாஷ், அதாவது பப்கள் சேர்ந்து உருண்டு விளையாடுவது, என்று இறங்காதீர்கள், மணிக்கட்டும் வலிக்கும், இடையிடையே நிமிர்ந்து உட்காருங்கள். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும், இழுத்து விளையாடுவதாக இருந்தால் கயிறை மார்பில் கட்டும் ஹார்னஸ் வாரில் மாட்டட்டும், கழுத்தில் வேண்டாம். நியோபிரீன் ஹூட் சீக்கிரம் சூடேறும், தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வாலாட்டி:
நன்றி. மணி யோசனையைத் துணையிடம் சொன்னதும் உடனே சரி என்றார், மூன்றாவது ஆளை வீட்டுக்கு அழைப்பதற்குத்தான் தயங்குகிறார். முதலில் மன்ச்சுக்கு இருவரும் சேர்ந்தே போகிறோம், நடத்துபவருக்கு இன்றைக்கே எழுதுகிறேன். ஒரு கேள்வி, எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது, குரைத்தால் பக்கத்தில் கேட்குமே?

சாம்பல்பூனை:
வெளிச்சுவரை ஒட்டாத அறையில் விளையாடுங்கள், கனமான திரையும் விரிப்பும் இருந்தால் சத்தம் ஓரளவு அடங்கும், பாட்டை ஓடவிடுங்கள். நிறைய பப்கள் குரைப்பதே இல்லை, முனகுவார்கள், மூக்கால் தள்ளுவார்கள். தங்கள் சம்மதம் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரர்களும் இதற்குள் வரக் கூடாது அல்லவா, அதனால் அடக்கி வாசியுங்கள். முதல் மன்ச்சில் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, வரும்போதே நடத்துபவரிடம் சொல்லிவிடுங்கள்.