மறு: மறு: என்டாங்கிள்மென்ட் – சிக்கலா, பின்னலா, பிணையலா?

குழுவினருக்கு வணக்கம்.

குவாண்டம் இயற்பியலில் இரண்டு துகள்கள் எவ்வளவு தள்ளியிருந்தாலும் அவற்றின் அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று பொருந்திவரும் நிலைக்கு 'என்டாங்கிள்மென்ட்' என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. ஆனால் எல்லோரும் ஆங்கிலச் சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நூல் சிக்கிக்கொள்வதுதான் 'என்டாங்கிள்', ஆகவே சிக்கல் என்கிறார் ஒருவர். முடி பின்னுவது போல, ஆகவே பின்னல் என்கிறார் இன்னொருவர். இயற்பியல் என்ன சொல்கிறது என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால் பாதிச் சொற்கள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

'இணைமை'யை முன்மொழிந்த ஐயாவிடமிருந்து தொடங்குகிறேன்.

> ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்றைச் சென்னைக்கும் மற்றதை மதுரைக்கும் அனுப்புகிறோம். சென்னையில் பெட்டியைத் திறந்ததும் இடது கால் செருப்பு இருந்தால், மதுரையில் இருப்பது வலது என்று அந்த நொடியே தெரிந்துவிடும். இதற்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா? இணைமை என்றால் போதுமே.

செருப்புக்குப் போதும், ஐயா. இதே கேள்வியை இயற்பியலாளர் ஜான் பெல் 1981-இல் காலுறையை வைத்து எழுதினார். செர்ன் ஆய்வகத்தில் அவரோடு இருந்த பெர்டில்மன் இரண்டு காலிலும் வெவ்வேறு நிறக் காலுறை போடுகிறவர். ஒரு காலில் இளஞ்சிவப்பு என்றால் மறு காலில் இளஞ்சிவப்பு இல்லை என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஒளித்துகள்கள் இப்படி இல்லை என்பதுதான் பெல்லின் வாதம். அதைக் கணக்காகவே போட்டுப் பார்த்துவிடலாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

இரண்டு ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், எதிரெதிர்த் திசையில் போகின்றன. ஒவ்வொன்றின் வழியிலும் ஒரு தளவிளைவுத் தகடு (ஒளி அதிரும் திசையைப் பொறுத்து அதைக் கடத்தும் அல்லது தடுக்கும் தகடு). தகட்டை 0, 60, 120 பாகை ஆகிய மூன்று கோணங்களில் ஏதாவது ஒன்றில் வைக்கலாம். ஃபோட்டான் கடந்துபோகும், அல்லது தடைபடும். வேறு விடை கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே கோணம் என்றால் இரண்டு விடையும் எப்போதும் ஒன்றே. செருப்புக் கணக்கில் இதற்கு ஒரே விளக்கம்தான்: மூன்று கோணங்களுக்குமான விடைகளைக் கிளம்பும்போதே எழுதி எடுத்துக்கொண்டு போகின்றன.

சரி, அப்படியே இருக்கட்டும். கேள்வி மூன்று, விடை இரண்டே வகை. அப்படியானால் மூன்று விடைகளில் குறைந்தது இரண்டு ஒன்றாக இருந்தே தீர வேண்டும். 0-60, 60-120, 0-120 என்ற மூன்று சோடிகளில் ஒன்றிலாவது விடை பொருந்தும். ஆக, இரண்டு பக்கமும் மனம்போன போக்கில் வெவ்வேறு கோணங்களை வைத்துக்கொண்டே போனால், விடைகள் பொருந்தும் அளவு மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வழியில்லை. குவாண்டம் கொள்கை சொல்லும் அளவோ 60 பாகையின் கொசைன் வர்க்கம், அதாவது நான்கில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கின் வேறு வேறு வடிவங்களைத்தான் 1972-இல் பெர்க்லியில் ஃப்ரீட்மனும் கிளவுசரும், 1982-இல் பாரிஸை அடுத்த ஓர்சேயில் ஆஸ்பேயும் சோதித்தார்கள். 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு 1.3 கி.மீ. இடைவெளியில் இருந்த இரண்டு வைரத் துண்டுகளுக்குள் இருந்த எலக்ட்ரான்களை வைத்துச் செய்தது. அந்தத் தொலைவைக் கடக்க ஒளிக்கே 4 மைக்ரோநொடிக்கு மேல் ஆகும்; அளவீடு அதற்குள் முடிந்துவிடும். ஆகவே, அங்கே என்ன கோணம் வைத்தார்கள் என்ற சேதி இங்கே வந்து சேர்ந்திருக்கலாம் என்ற சாக்கும் போயிற்று. இந்த எல்லாச் சோதனையிலும் ஜெயித்தது குவாண்டம் கொள்கைதான். கிளவுசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே, முன்கூட்டியே எழுதி வைத்த பொருத்தம் என்ற எண்ணத்தைத் தரும் சொல் எதுவும் நமக்கு ஆகாது. இணைமை, ஒட்டுறவு இரண்டும் போயின. (ஒட்டுறவு ஏற்கெனவே 'கோரிலேஷன்' என்ற பொருளில் புள்ளியியலில் குடியேறிவிட்டது.)

அடுத்த மடல்:

> இரண்டு துகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு இருப்பது போன்ற பொருள் வர வேண்டும்.

இதுவும் வேண்டாம் என்பேன். 2017-இல் சீனாவின் மீசியஸ் செயற்கைக்கோள் 1,200 கி.மீ. தள்ளியிருந்த இரண்டு நிலையங்களுக்கு ஃபோட்டான் சோடிகளை அனுப்பியது. அந்த ஃபோட்டான்களுக்கு நடுவே விசை ஏதும் இல்லை. ஒன்றை அளந்து மற்றதன் வழியே சேதி அனுப்பவும் முடியாது. கயிறு என்றால் இழுத்துப் பார்க்கத் தோன்றும். இங்கே இழுப்பதற்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் இருப்பது என்ன? இதை முதலில் தெளிவாகச் சொன்னவர், குவாண்டம் கொள்கையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷ்ரோடிங்கர். குவாண்டம் கொள்கை முழுமையானதா என்று கேட்ட ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரின் கட்டுரை 1935 மே மாதம் வந்தது. அதே ஆண்டில் ஷ்ரோடிங்கர் எழுதிய கட்டுரைகளில்தான் இந்தப் பெயர் பிறந்தது. முழுமையைப் பற்றி அறிய முடிந்த அனைத்தையும் அறிந்திருக்கிறோம்; இருந்தும் அதன் பகுதிகளைப் பற்றிய முழு அறிவு அதில் அடங்கவில்லை என்றார். எனக்கு இந்த இயலிலேயே மிக விசித்திரமாகப் படுவது இதுதான், அவருடைய பெயர்பெற்ற பூனைக் கதை இல்லை. சோடிக்குத் தெளிவான நிலை உண்டு. சோடியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனியாக அப்படி ஒரு நிலை இல்லை. நமக்குத் தெரியவில்லை என்பதல்ல விஷயம், இல்லை.

ஜெர்மனில் அவர் வைத்த சொல் 'ஃபெர்ஷ்ரென்குங்'. மார்புக்குக் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கும் அந்த மொழியில் இதே வினைதான். அதில் நூலும் இல்லை, முடிச்சும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது அவர் வைத்தது 'என்டாங்கிள்மென்ட்'. நாம் அந்த ஆங்கிலச் சொல்லை மட்டும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இனி மிச்சமிருக்கும் சொற்கள். 'சிக்கல்' இலங்கையில் உடனே இடிக்கும். அங்கே சிக்கலெண் என்பது நம் பாடநூலின் கலப்பெண். குவாண்டம் இயற்பியலில் பக்கத்துக்குப் பக்கம் அந்த எண்கள் வருகின்றன, 'சிக்கல் நிலை' என்று எழுதினால் யாழ்ப்பாணத்து மாணவர் வேறொன்றாகப் படிப்பார். 'பின்னல்' அழகான சொல், ஆனால் எனியான் என்ற துகள்போன்றவற்றை ஒன்றையொன்று சுற்றவைத்துக் கணிக்கும் குவாண்டம் கணிப்பு முறைக்கு அது கட்டாயம் தேவைப்படும். அங்கே உண்மையாகவே பின்னுகிறார்கள். 'பிணைப்பு' வேதியியலின் சொத்து.

என் முன்மொழிவு: பிணையல்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் 'பிண்டியும் பிணையலும்' என்று வருகிறது. நாட்டியத்தில் பிண்டி ஒற்றைக்கை முத்திரை, பிணையல் இரட்டைக்கை முத்திரை. அஞ்சலி ஒரு பிணையல்: இரண்டு கையும் சேர்ந்தால்தான் அது அஞ்சலி, ஒரு கையை மட்டும் பார்த்து அதில் பாதி அஞ்சலி இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஷ்ரோடிங்கரின் கைகட்டலுக்கு இவ்வளவு பக்கத்தில் தமிழில் ஒரு சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது எனக்கே ஆச்சரியம். பிணையல் நிலை, பிணையலின் அளவுக்குப் பிணையல் என்ட்ரோபி, பிணையல் இல்லாததற்குப் பிரிபடு நிலை என்று குடும்பமும் சுலபமாக வளர்கிறது.

'குவாண்டம்' என்பதையே குவையம் என்பதா, துளிமம் என்பதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அது தனி இழையில் நடக்கட்டும்.

அன்புடன்.

———

மறு: மறு: மறு: என்டாங்கிள்மென்ட்

> தம்பி, அஞ்சலி உவமை பாதிதான் சரி. ஒரு கையை மட்டும் பார்த்தாலும் அதற்கென்று தெளிவான வடிவம் உண்டு; ஃபோட்டானுக்கு அதுவும் இல்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அப்புறம் வினைச்சொல்? 'பிணைந்த எலக்ட்ரான்' என்று எழுதினால் என் வகுப்பில் எல்லாரும் அணுக்கருவோடு பிணைக்கப்பட்ட எலக்ட்ரான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அம்மா, முதல் குறை இருக்கிறதுதான். கலைச்சொல் பாடத்தையே நடத்திவிட வேண்டாம், தவறான பாடம் நடத்தாமல் இருந்தால் சரி என்பது என் அளவுகோல்.

இரண்டாவது குறைதான் கனமானது. அதைத் தவிர்க்க 'பிணைந்த' என்ற எச்சத்தையே விட்டுவிடலாம், 'பிணையலில் உள்ள' என்று மட்டும் எழுதலாம். சோதனைக்கு ஒரு வாக்கியம்: "ஹைட்ரஜன் அணுவின் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில் எலக்ட்ரான் புரோட்டானோடு மின்விசையால் பிணைக்கப்பட்டுள்ளது, அவ்விரண்டின் தற்சுழற்சிகள் பிணையலில் உள்ளன." வானொலி வானியலாளர்கள் தேடும் 21 செ.மீ. அலை, அணு அந்த நிலைக்கு இறங்கும்போது வருவதுதான். இரண்டு கருத்தும் ஒரே அணுவில், ஒரே வாக்கியத்தில் குழப்பமில்லாமல் நிற்கின்றன என்றே நினைக்கிறேன். வகுப்பில் படித்துக் காட்டிப் பாருங்கள். பிள்ளைகள் திணறினால் பிணையலைக் கைவிட நான் தயார்.

இன்னொன்று பாக்கி. டெல்ஃப்டின் இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. ஒவ்வொன்றும் ஒரு ஃபோட்டானை வெளியிட்டது, அந்த ஃபோட்டான்களை இடையில் ஓரிடத்தில் சேர்த்து அளந்தார்கள், எலக்ட்ரான்கள் பிணையலுக்கு வந்தன. 1993-இல் முன்வைக்கப்பட்ட இந்த முறைக்கு 'ஸ்வாப்பிங்' என்று பெயர். பிணையல் மாற்று என்றால் பிணையலுக்குப் பதிலாக வேறொன்று என்று படுகிறது. கைமாற்று என்றால் கடன் கேட்பது போல இருக்கிறது. 'பிணையல் இடமாற்றம்' வரை வந்து நிற்கிறேன், அதுவும் அரசாணை வாடை அடிக்கிறது. யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.