போன் இல்லாத பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது? யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. இது கொரோனா காலம்; 2020 மார்ச்சில் மூடிய பள்ளி இன்னும் திறக்கவில்லை. வகுப்பில் 31 பேர். வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினால் 12 பேரிடமிருந்துதான் பதில் வருகிறது. மற்றவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது.

போன வாரம் ஒரு மாணவி இரவு பத்து மணிக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். பாதிப் பக்கம் கணக்கு. அதற்குக் கீழே பென்சிலில், "அண்ணனும் படிக்கணும் டீச்சர், மீதியை நாளைக்குப் போடுறேன்." அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

உலகம் முழுக்கக் குறைந்தது 46.3 கோடிப் பிள்ளைகளுக்கு இணைய வகுப்போ டிவி, வானொலிப் பாடமோ எட்டவில்லை என்று 2020 ஆகஸ்டில் யுனிசெஃப் சொன்னது. என் 19 பேரும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

பயிற்சித்தாளைக் கைப்பட எழுதி, நகலெடுத்து, வாரம் ஒரு முறை வீட்டில் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் எழுத்துக்கூட்டி வாசிப்பதையே மறந்துவிட்ட பிள்ளை தனியாக அதை எப்படிச் செய்யும்? வீட்டில் சொல்லித்தர ஆளில்லை. எபோலா தொற்றுநோய்க் காலத்தில் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் வானொலி வழியாகப் பாடம் நடத்தினார்கள். அப்படி ஒலிப்பதிவு செய்து, சாதாரண பட்டன் போனில் கேட்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், திறந்த வெளியில் ஐந்தைந்து பேராக, இடைவெளி விட்டு உட்காரவைத்து நடத்தியவர்கள் பெற்றோரிடம் எப்படிப் பேசினீர்கள்? சின்ன யோசனையாக இருந்தாலும் எழுதுங்கள், திங்கட்கிழமையே தொடங்கிவிடுகிறேன்.