புது சிஸ்டத்துக்கு மாறியபோது கை தடுமாறிய அந்த நேரம்: உங்கள் அனுபவம்?

டிடிபி அக்கா

இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். மூன்று மாதமாக மனசுக்குள் கிடக்கிறது.

கடை மெஷின் ஐந்தாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 உடன் அப்டேட் நின்றது, 11 இதில் ஏறாது. அக்கா மகன் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற வேறு சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தான். டி டிரைவில் இருந்த என் ஃபைல்களை மட்டும் தொடவில்லை. கீழே இடது மூலையில் மெனு, பக்கத்திலேயே ஃபோல்டர், பார்க்கப் பழையது மாதிரியே இருந்தது. இரண்டு நாள் ஜெராக்ஸ், ஸ்கேன் வேலைதான் வந்தது. பழகிவிட்டது என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் ராத்திரி பத்தே முக்காலுக்கு ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன். ஒரு பையன் குனிந்து உள்ளே வந்தார். சாயங்காலம் அப்பா தவறிவிட்டார், காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள், விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்ட வேண்டும். கையில் அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. போன மாதம் செய்த மாடல் ஃபைலைத் திறந்தேன். பெயரையும் ஊரையும் தட்டினேன். நான் திரையைப் பார்த்துத் தட்டுகிறவள் இல்லை. 22 வருடமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டுகிறேன், எழுத்து இருக்கும் இடம் விரலுக்குத் தெரியும். கண் அவர் எழுதிக் கொடுத்த சீட்டில்தான் இருந்தது.

பின்னால் நின்றிருந்த அந்தப் பையன் கேட்டார்: "அக்கா, அப்பா பேரு எங்கக்கா?"

நிமிர்ந்து பார்த்தேன். போட்டோவுக்குக் கீழே பெரிய எழுத்தில், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து என்னவோ நின்றது. அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் அது. அவர் வேறெதுவும் சொல்லவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் பஜார் டிடிபி அண்ணனைத் தூக்கத்தில் எழுப்பி, பாமினி எழுத்துரு ஃபைலை வாட்ஸ்அப்பில் வாங்கி, இரண்டு தட்டு தட்டினால் இன்ஸ்டால் பட்டன் வரும் என்று கண்டுபிடித்து, டாக்குமெண்ட்டை மூடித் திறந்ததும் பெயர் தமிழில் வந்தது. 11.50க்குப் பிரிண்ட் கொடுத்துவிட்டேன். வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை.

கணக்கு வாத்தியார் (ஓய்வு)

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

என்னுடையது சின்ன விஷயம். வீட்டில் உபுண்டு, அதுவும் ஒரு வகை லினக்ஸ்தான். பிரிண்டருக்காக ஒரு கட்டளை தட்ட வேண்டியிருந்தது. என்னிடம் படித்த பெண் பெங்களூரிலிருந்து போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். என்டர் தட்டியதும் பாஸ்வேர்டு கேட்டது. தட்டுகிறேன், ஒன்றும் வரவில்லை. எழுத்து வேண்டாம், ஒரு புள்ளியாவது வர வேண்டுமே? வேகமாக, மெதுவாக, ஒற்றை விரலால் அழுத்தி, எப்படித் தட்டினாலும் கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. "சார், தட்டிட்டீங்களா?" என்கிறாள். "கீபோர்டு போயிடுச்சும்மா" என்று வைத்துவிட்டேன். மறுநாள் கீபோர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி ரிப்பேர் கடைக்குப் போனேன். அங்கே எல்லா எழுத்தும் வந்தது.

கட்டளை தட்டும் அந்தக் கறுப்புப் பெட்டியில் பாஸ்வேர்டு தட்டும்போது எதுவுமே தெரியாது, எத்தனை எழுத்து என்றுகூடப் பக்கத்தில் இருப்பவர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று பிறகு அவளே விளக்கினாள். காரணம் நல்ல காரணம்தான். 34 வருடம் வகுப்பில் நின்றவன் நான். ஒரு பிள்ளை பதில் சொன்னால் சரி, தப்பு என்று ஏதாவது ஒன்று சொல்லிவிட வேண்டும், சும்மா இருந்துவிடக் கூடாது என்று நினைப்பவன். அந்தத் திரை சும்மா இருந்தது இன்னும் உறுத்துகிறது.

லினக்ஸ் அண்ணாச்சி

வாத்தியார் ஐயா, மின்ட்டில் நட்சத்திரக் குறி காட்டும். உங்கள் உபுண்டுவிலும் அமைப்பு ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் வரவைக்கலாம்.

டிடிபி அக்காவுக்கு வருத்தத்தோடு ஒன்று சொல்கிறேன். உங்களுக்கு நடந்தது லினக்ஸ் பிரச்சினையே இல்லை, எழுத்துருப் பிரச்சினை. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டும் ஏற்பாடு. ஃபைலுக்குள் எப்போதும் இருந்தது அந்த ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான், முகமூடி இல்லாமல் அன்றைக்குத்தான் பார்த்தீர்கள். பாமினி ஏறாத எந்த விண்டோஸ் மெஷினிலும் இதே கதிதான். தமிழக அரசு 2010லேயே யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தமிழ் எழுத்துகளுக்கான குறியீட்டுத் தரமாக அறிவித்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் கடைகள் பாமினியைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் வேர்.

இனி மாறப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். முதலில் எதையும் துடைக்காதீர்கள். லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே மெஷினைப் பூட் செய்து, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாது. அந்த ஒரு வாரத்தில் உங்கள் கடையில் உண்மையிலேயே வரும் வேலை ஒவ்வொன்றையும் செய்து பாருங்கள். பிரிண்டர் எடுக்கிறதா, ஸ்கேனர் எடுக்கிறதா, டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் எடுக்கிறதா. கணக்கு எழுதும் டேலி, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் இரண்டும் லினக்ஸில் நேரடியாக ஓடாது, அவை இல்லாமல் முடியாது என்றால் அந்த மெஷினைத் தொடாதீர்கள். விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள். இதை மறக்காதவர்கள் குறைவு.

சி, டி என்று தேடாதீர்கள். லினக்ஸில் எல்லாமே ஒரே வேரிலிருந்து கிளைக்கும், உங்கள் டி டிரைவும் பென்டிரைவும் அதில் ஒட்டிய கிளைகள். பெரிய எழுத்தில் ஒரு ஃபைலும் சின்ன எழுத்தில் அதே பெயரில் இன்னொன்றும் ஒரே ஃபோல்டரில் இருக்கலாம், இரண்டும் வேறு வேறு. இரண்டு சிஸ்டமும் வைத்துக்கொள்வதானால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாது, லினக்ஸ் பக்கம் போனால் டிரைவைத் திறந்து பார்க்க விடும், எழுத விடாது. தமிழில் தட்ட ஐபஸ், எம்17என் என்ற மென்பொருள்களைப் போட்டால் தமிழ்99, ஃபோனெட்டிக் என்ற இரண்டு கீபோர்டு முறைகளும் கிடைக்கும். பழைய பாமினி ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்ற மாற்றிகள் இருக்கின்றன, தினமும் பத்து ஃபைல் மாற்றினாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும்.

என் அனுபவமா? 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது மாறினேன். முதல் வாரம் வைஃபை எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

பால் சொசைட்டி

அண்ணாச்சி எல்லாம் சொன்னார், கடிகாரத்தைச் சொல்லவில்லை. அதில் அடிபட்டவன் நான்.

சொசைட்டி கம்ப்யூட்டரில் விண்டோஸ். மேனேஜர் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், ராத்திரி படிக்க என்று கூடவே லினக்ஸும் போட்டான். காலையில் நான் விண்டோஸைத் திறந்து பால் ரசீது போடுவேன். அன்று விடியற்காலை நெட் இல்லை. 5.20க்கு முதல் ஆள் ஊற்றினார். கொழுப்பு, எஸ்என்எஃப் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்), லிட்டர் எல்லாம் போட்டு ரசீது கிழித்துக் கொடுத்தேன். வரிசை பெரிசு, நானும் பார்க்கவில்லை. ஒரு முப்பது பேர் போன பிறகு ஒரு பாட்டி ரசீதைத் திருப்பிக்கொண்டு வந்தார். பேத்தி படித்துக் காட்டியிருக்கிறாள். "ஏன் தம்பி, நடுராத்திரி பன்னெண்டு அம்பதுக்கா நான் மாடு கறந்தேன்?"

அவர் பால் ஊற்றியபோது மணி 6.20.

கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைத்துவிட்டுப் போகும், விண்டோஸ் அதை நம்ம ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நெட் இருந்திருந்தால் தானே திருத்தியிருக்கக்கூடும். பாட்டி ரசீதில் நேரம் மட்டும்தான் தப்பு, தேதி சரி. 5.30க்கு முன்னால் ஊற்றிய நாலு பேருக்குத் தேதியே மாறிவிட்டது. முந்தின நாள் ராத்திரி 11.50 என்று விழுந்து, நேற்றைய கணக்கில் ஏறிவிட்டது. பத்து நாளைக்கு ஒருமுறை பட்டுவாடா, அன்றைக்குத்தான் பழைய கணக்கை மூடியிருந்தோம். அந்த நாலு பேரின் பால் எந்தக் கணக்கிலும் இல்லை. கையால் எழுதிச் சரிசெய்தோம். ஒருவருக்கும் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் அதிலிருந்து அந்தப் பாட்டி ஒவ்வொரு ரசீதையும் பேத்தியிடம் காட்டிவிட்டுத்தான் மடிக்கிறார். முன்பெல்லாம் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொள்வார்.

லினக்ஸ் பக்கம் கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கச் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. பையன் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு வரவில்லை.

வடபழனி வாசி

இங்கே எல்லாரும் லினக்ஸ். நான் மேக்.

புது வேலை, முதல் வாரம், ஆபீஸில் மேக்புக் கொடுத்தார்கள். மூடும் பட்டன் இடது பக்கம் இருப்பது, கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், இதெல்லாம் ஒரு நாளில் பழகிவிட்டது. விண்டோஸில் ஒரு ஃபைலைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டினால் திறக்கும் இல்லையா? மேக்கில் என்டர் தட்டினால் ஃபைலின் பெயரை மாற்றச் சொல்கிறோம் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கடனுக்காகச் சம்பள ரசீது பிடிஎஃப் அனுப்ப வேண்டும். அதற்குப் பாஸ்வேர்டு உண்டு, பான் நம்பரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த தேதியும். திறந்து சரிபார்க்கலாம் என்று என்டர் தட்டினேன், பாஸ்வேர்டைத் தட்டினேன், மறுபடி என்டர். எல்லாம் ஒரே மூச்சில், பழைய மெஷினில் நூறு முறை செய்த மாதிரி. திறக்கவில்லை. சரி, மெதுவான நெட் போலிருக்கிறது என்று அந்த ஃபைலை அப்படியே இழுத்து மெயிலில் போட்டு, ஏஜென்ட்டுக்கும் காப்பியில் இன்னும் நாலு பேருக்கும் அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இணைப்பின் பெயரே என் பாஸ்வேர்டு. என் பிறந்த தேதி எட்டு இலக்கத்தில் வரிசையாக அங்கே இருந்தது. உள்ளங்கை வேர்த்துவிட்டது.

அண்ணாச்சி, அக்காவுக்கு நடந்தது எழுத்துருப் பிரச்சினை என்றீர்கள். அந்த வகையில் பார்த்தால் என்னுடையதும் மேக் பிரச்சினை இல்லை, விதி தெரியாத பிரச்சினை. ஆனால் நாங்கள் இருவரும் தடுமாறியது ஒரே இடத்தில். திரையைப் பார்க்கவே தேவையில்லாத அளவுக்குக் கை பழகியிருந்தது. புதியதைக் கற்றுக்கொள்வதைவிடக் கை தானாகச் செய்வதை நிறுத்துவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பட்டியல் போட்டுக் கொடுத்தால் அது வராது.

மடிக்கணினி 2012

அரசு கொடுத்த லேப்டாப் வாங்கிய செட் நாங்கள். எனக்கு வந்ததில் ஆன் செய்ததும் இரண்டு பெயர் கேட்கும், விண்டோஸ் 7 ஒன்று, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த பாஸ் லினக்ஸ் ஒன்று. வகுப்பில் எல்லாரும் முதலாவதையே அழுத்தினார்கள். காலேஜ் ஹாஸ்டலில் என் விண்டோஸ் பக்கம் வைரஸ் ஏறிப் படுத்துவிட்டது, ஃபார்மட் செய்யக் காசு இல்லை, அதனால் பாஸ்ஸில் வாழ ஆரம்பித்தேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்தே பழகினேன்.

இரண்டாம் வருட ப்ராஜெக்ட் ரிப்போர்ட். பென்டிரைவில் காப்பி போட்டேன், கோடு முழுசாக நிறைந்து பெட்டி மூடியது. கண்ணால் பார்த்தேன். பிடுங்கிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அங்கே ஃபைல் பெயர் இருக்கிறது, அளவு பூஜ்யம். காப்பி முடிந்தது என்று சொன்னாலும் லினக்ஸ் கொஞ்சத்தை மெமரியில் வைத்துக்கொண்டு பிறகு மெதுவாக எழுதும், வெளியேற்று என்று கொடுத்துக் காத்திருந்துதான் பிடுங்க வேண்டும் என்பது அப்போது தெரியாது. ஹாஸ்டல் நாலு கிலோமீட்டர். திரும்பி ஓடி, எடுத்து, மறுபடி வந்தபோது எச்ஓடி அறையைப் பூட்டிவிட்டார்கள்.

அண்ணாச்சி சொன்னது ஒவ்வொன்றும் சரி, நானே இன்று மற்றவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். ஒரு இடத்தில்தான் மாறுபடுகிறேன். தினமும் பத்து ஃபைல் மாற்றச் சொல்கிறீர்கள். அக்கா கடைக்குத் தினமும் யார் வந்து உட்கார்ந்து மாற்றித் தருவது? வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவிலும் பாமினிதானே இருக்கும்?

லினக்ஸ் அண்ணாச்சி

தம்பி, அந்த இடத்தில் நீங்கள் சொல்வது நியாயம். அக்கா, எந்த ஊர் என்று தனியாகச் சொல்லுங்கள், பக்கம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அடிக்கடி எடுக்கும் மாடல் ஃபைல்களை மட்டும் மாற்றித் தருகிறேன். மற்றவை பாமினியிலேயே இருக்கட்டும், எழுத்துரு ஏறியிருந்தால் போதும்.

டிடிபி அக்கா

வாங்க அண்ணாச்சி, சாப்பாடு வீட்டில்.

எழுத்துருதான் காரணம் என்று நீங்கள் சொன்னது புரிந்தது. எனக்கு வலித்தது காரணம் தெரியாததால் இல்லை. அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது, அதுதான்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிக்க அதே பையன் வந்தார், கூட அவர் அம்மாவும். பழைய ஃபைலைத் திறந்தேன். இந்த முறை முதலில் திரையைப் பார்த்தேன். பெயர் இருந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, தேதியை மட்டும் மாற்றினேன்.