கடிதம் எழுதினால் சிறைக் கதவு திறக்குமா?

திருச்சி மாணவி:
கருத்துச் சொன்னதற்காகச் சிறையில் இருப்பவர்களை விடுவிக்கக் கோரி எங்கள் கல்லூரியில் கடிதம் எழுதப் போகிறோம். "எங்கேயோ இருக்கிற அமைச்சர் உன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப் போகிறாரா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பலன் உண்டா? என்ன எழுதுவது?

மதுரை டீச்சர்:
உண்டும்மா. 1973இல் பிரேசிலில் ராணுவ ஆட்சி. லூயிஸ் ரோஸி என்ற பேராசிரியரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டி இன்டர்நேஷனல், உடனே கடிதம் எழுதுங்கள் என்று கேட்கும் தன் முதல் 'அவசர நடவடிக்கை' அழைப்பை அவருக்காகத்தான் விடுத்தது. விஷயம் வெளியே தெரிந்துவிட்டது, இனி தன்னைக் கொல்ல முடியாது என்று அப்போது புரிந்ததாக அவரே பின்னால் சொன்னார். அமைச்சர் படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. இந்த ஆளைக் கேட்க வெளியே ஆள் இருக்கிறது என்று சிறையில் தெரிந்தால் போதும்.

முதல் வரியிலேயே கைதியின் முழுப்பெயர், கைதான நாள், வழக்கு. 'மாண்புமிகு' என்றே தொடங்குங்கள். ஒரு வசைச்சொல் போதும், கடிதம் குப்பைக்குப் போய்விடும். நிபந்தனையின்றி விடுதலை, அதுவரை வக்கீலையும் குடும்பத்தையும் பார்க்க அனுமதி, இவ்வளவுதான் கோரிக்கை. அச்சடித்த தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடாதீர்கள். அவரவர் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த நாட்டுத் தூதரகத்துக்கு ஒரு நகல். எனக்கு ஒருமுறை உறை பிரிக்காமலே திரும்பி வந்தது. புது உறையில் போட்டு மறுபடியும் அனுப்பினேன்.

கொழும்பு வாசகன்:
டீச்சர் சொல்வது சரி. எங்கள் பத்திரிகையாளர் ஜே.எஸ். திசைநாயகத்தை 2008 மார்ச்சில் பிடித்தார்கள். பல மாதம் குற்றச்சாட்டே இல்லை. எழுதிய கட்டுரைகளைக் காட்டி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2009 ஆகஸ்டில் 20 வருடக் கடூழியச் சிறை. அவரை மனச்சாட்சிக் கைதி, அதாவது வன்முறையை நாடாமல் கருத்துக்காகவே சிறைப்பட்டவர் என்று அம்னெஸ்டி அறிவித்தது, பத்திரிகையாளர் அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்தன, ஒபாமாவும் பெயர் சொல்லிப் பேசினார். 2010 ஜனவரியில் பிணை, மே மாதம் மன்னிப்பு. எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல ஏலாது. எல்லோரும் பேசாமல் இருந்திருந்தால் அவர் உள்ளேதான் இருந்திருப்பார்.

திருச்சி மாணவி:
ஆயுதப் போராட்டத்தை ஆதரித்தவருக்கும் எழுதலாமா?

மதுரை டீச்சர்:
மனச்சாட்சிக் கைதி என்று எழுத முடியாது. 1964இல் மண்டேலாவையே அம்னெஸ்டி அந்தப் பட்டியலில் வைக்கவில்லை. ஆனால் சித்திரவதை கூடாது, நியாயமான விசாரணை வேண்டும் என்று யாருக்காகவும் கேட்கலாம். அப்புறம், தபாலில் போடுவதற்கு முன்னால் கைதியின் குடும்பத்தார் இதை விரும்புகிறார்களா என்று அவருக்காகக் கடிதம் எழுதச் சொல்லும் அமைப்பிடம் கேட்டுவிடுங்கள். பெயர் வெளியே வந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து என்று சிலர் பயப்படுவார்கள்.